மட்டக்களப்பு மான்மியம்: வரலாறா, உரிமைப் பத்திரமா?

மட்டக்களப்புப் பிரதேச வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் ஏதோவொரு கட்டத்தில் மட்டக்களப்பு மான்மியத்திடம் வந்து சேருகின்றனர். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த அந்நூல், எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட நூலோடும், வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகத்தோடும் (1964) சேர்த்து அடிப்படை ஆதாரமாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. ஆயின், அது பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ள முறை எமக்கு உடன்பாடானதன்று.

ஆய்வாளர் அதில் தேடியது அரசர் பெயர்களையும் ஆண்டுகளையுமே. 1215இல் படையெடுத்த கலிங்க மாகனையும் மான்மியத்தின் மாகோனையும் பொருத்திக் காட்டுவதில் ஒரு சாரார் முனைந்தனர். பொருந்தாமை கண்ட மறு சாரார் நூலையே பழங்கதையென ஒதுக்கினர். இரு சாராரும் அதனை ஓர் அரச வரலாறாகவே எதிர்பார்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது. உண்மையில், மான்மியம் பெரிதும் அக்கறை கொள்வது எந்தக் குடிக்கு எந்த வரிசை, எந்த ஊழியம் எவருக்குரியது என்பன போன்ற விடயங்களிலாகும். கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் முதலிய ஆலயங்களின் மரபுகளில் இவ்வரிசைகள் பெற்ற முக்கியத்துவத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். இப்பிரதேசத்தில் ‘கல்வெட்டு’ என்னும் சொல் கல்லில் பொறித்ததை மட்டுமன்றி, ஏட்டில் எழுதிப் பேணப்பட்ட உரிமைப் பாடலையும் சுட்டுமென்பதையும் இங்கு நினைவு கொள்ளலாம். சுருங்கக் கூறின், மான்மியம் ஓர் உரிமைப் பத்திரம்.

ஆலய வரிசைக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் எனும் வினாவுக்கு விடை வாவியின் இரு கரைகளிலும் உள்ளது. குடியிருப்புக்கள் செறிந்தது கிழக்கே கடலையொட்டிய எழுவான்கரை; பரந்த நெல்வயல்கள் விரிந்தது மேற்கே படுவான்கரை. நிலமுடைய போடியார், வயலை மேற்பார்த்த முல்லைக்காரன், கூலிக்கு உழைத்தோர் என அமைந்த உற்பத்தி உறவுகளே ஆலய வெளிவீதியில் வரிசைகளாக வெளிப்பட்டன. குடிமுறையையும் ஆலய மரியாதையையும் இணைத்து நோக்கிய டெனிஸ் மெக்கில்வ்றேயின் ஆய்வு (2008) இவ்வகையில் விதிவிலக்கானது.

இவ்வாறு நோக்குமிடத்து, முக்குவர் திமிலரை முஸ்லிம்களின் துணையுடன் வென்றனர் எனும் மரபுக் கதையும் வேறு பொருள் பெறுகின்றது. வென்றோர் வயலுக்கு உரியோராயினர். தோற்ற மீனவரின் பெயர் திமிலைதீவு எனும் ஊர்ப்பெயரில் எஞ்சியது. துணை நின்றோர் மணவுறவு கொண்டு ஏறாவூரிலே குடியேறினர் என்பது கதை. அது நிகழ்ந்ததா என்பதிலும், நிலத்தைப் பங்கிட்டு வாழ்ந்த இரு சமூகத்தார் தம் அயன்மையை எவ்வாறு நியாயப்படுத்தினர் என்பதே எமக்கு முக்கியம். தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடத்தும் காணப்படுவதும் இவ்வுறவின் பழைமைக்குச் சான்றாகும். 1990 ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். மறுமாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் நூற்றுக்கு மேற்பட்டோர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற் போயினர். அக்கதை உலவிய அதே ஊர்கள் இவை. ‘இம்மண் எமக்கே’ என நிறுவுவதற்கு மான்மியத்தை மேற்கோள் காட்டுவோர், அந்நூல் தோன்றிய சூழலில் வழங்கிய இந்தப் பங்கீட்டுக் கதையைத் தாண்டியே செல்கின்றனர்.

மற்றொரு மௌனமும் உண்டு. குடி தாய்வழி வருவது; ஆயினும் நூலில் வரிசை பெறுவோர் ஆடவரே. முக்குவர் வழக்கின் தாய்வழி உரிமை 1876ஆம் ஆண்டின் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றில் வலுவிழந்தது. அவ்வழக்குப் பற்றிய பிரிட்டோவின் நூலும் அதே ஆண்டிலேயே வெளிவந்தது ஒரு விசித்திரம். சட்டம் மாறிய பின்னரும் வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே எழுதப்பட்டு வந்தன. அவ்வுறுதிகள் காணிக் கந்தோர்களிலும் குடும்பப் பெட்டகங்களிலும் கிடக்கின்றன. மான்மியத்தோடு அவற்றையும் அருகருகே வைத்து வாசிக்கும் ஆய்வாளருக்கு, அரச பரம்பரையிலும் நம்பகமான வேறொரு வரலாறு கிட்டும். அதன் மாந்தர் பெரும்பாலும் பெண்களாக இருப்பர்.