கூலியும் முகமும்

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது, கூத்துப்பட்டறையில் பயின்ற நடிகர்கள் தமிழ்ச் சினிமாவில் வில்லன்களாக வருவது பற்றிப் பேச்செழுந்தது. 'விலைபோய்விட்டார்கள்' என்றார் ஒருவர். 'அது தொழில், வயிற்றுப்பாடு' என்றார் இன்னொருவர். இரண்டுமே விவாதத்தை மூடிவிடுகிற பதில்களாகவே எனக்குப் பட்டன. அப்போது நான் நினைத்துக்கொண்டது அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஜோன் கசாவெற்றிஸை.

'பேசஸ்' படத்தை அவர் 1965இல், தன் சொந்த வீட்டையே களமாக்கிப் படம்பிடித்தார். அது வெளிவர 1968 ஆயிற்று. இத்தகைய படங்களுக்கான பணத்தை ஹொலிவூட்டில் நடித்தே தேடினார். 1967இல் வெளிவந்த 'த டேர்ட்டி டஸன்' அவற்றில் ஒன்று. அதில் அவருக்குத் தூக்குத்தண்டனைக் கைதி பிராங்கோவின் வேடம். கூலிக்கு ஒப்புக்கொண்டதுதானே என்று அலட்சியமாக நடிக்கவில்லை. பெரும் நட்சத்திரக் கூட்டத்தின் நடுவிலும் பயமும் நக்கலும் கலந்த அந்த மனிதன் தனியே தெரிகிறான். துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

இதுவரை கதை நமக்கு உவப்பானது. பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, அந்தச் சம்பளத்தில் சஞ்சிகை அச்சிட்டவர்கள் நாம். கசாவெற்றிஸை நம்மில் ஒருவராக எண்ண ஆசை வருகிறது.

ஆனால் 'த டேர்ட்டி டஸன்' எப்படி முடிகிறது? நிலவறைக்குள் அடைபட்ட ஜேர்மன் அதிகாரிகள் மீதும் அவர்களோடிருந்த பெண்கள் மீதும் காற்றுத்துளைகள் வழியாகப் பெற்றோல் ஊற்றப்படுகிறது, கைக்குண்டுகள் போடப்படுகின்றன. பதுங்குகுழிக்குள் இருந்தறிந்த என்னால் அதைச் சாகசமாகப் பார்க்க முடியவில்லை. போரின் அசிங்கத்தைத்தான் இயக்குநர் ரொபர்ட் ஓல்ட்றிச் காட்டினார் என்று வாதிடலாம். இருக்கலாம். ஆயினும் அந்தப் பன்னிருவரோடும் நம்மை ஒட்டவைத்தது நடிகர்களின் திறமை. கசாவெற்றிஸ் மோசமாக நடித்திருந்தால் அந்தக் கொலைகளை நான் இலகுவில் வெறுத்திருப்பேன்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கூலிக்கு ஏற்ற வேடத்தையும் நேர்த்தியாகச் செய்வது நடிகரின் நேர்மைக்குச் சாட்சி. அந்த நேர்த்தியே படத்தின் அரசியலுக்கும் வலுச்சேர்க்கிறது. உழைத்த பணத்தில் 'பேசஸ்' பிறந்தது என்பதால் முந்தைய படத்தின் கணக்குத் தீர்ந்துவிடாது. நான் கழுவிய கோப்பையில் என் முகம் ஒட்டியிருப்பதில்லை. நடிகருக்கு அந்த வசதி கிடையாது.

எனவே, கூத்துப்பட்டறை நடிகர்கள் ஏன் பணம் வாங்கினார்கள் என்று நான் கேட்கமாட்டேன். வாடகையும் சோறும் அவர்களுக்கும் உண்டு. அவர்கள் பயின்ற கலை இந்தப் படத்தில் யாரை மனிதராக்கியது, யாரை இழிவுபடுத்தியது என்பதே என் கேள்வி. அதை ஒவ்வொரு படத்திடமும் தனித்தனியே கேட்கவேண்டும். 'விலைபோய்விட்டார்கள்' என்பதும் 'வயிற்றுப்பாடு' என்பதும் அந்தச் சிரமத்தைத் தவிர்ப்பதற்கான வழிகள் மட்டுமே.