யாருடைய நிலத்தில் சுயேச்சை?

'சுயேச்சைப் பாடகி' என்று பட்டம் ஒட்டிவிட்டு நகர்ந்துபோவது சுலபம். அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இதைத்தான் செய்கிறது. பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை, சொந்தமாகக் கம்பெனி வைத்து ஜெயித்தார், ஆகவே வீராங்கனை. இந்தக் கதையாடலில் எனக்கு உடன்பாடில்லை. அவர் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் சுயேச்சையை வெறும் சொத்துரிமையாகச் சுருக்கினால் மிஞ்சுவது ஒரு சிறு முதலாளியின் வெற்றிக் கதை மட்டுமே. என்னைப் பொறுத்தவரை சுயேச்சை என்பது ஒரு உறவு. எந்தச் சாதனங்களைக் கொண்டு, யாரோடு சேர்ந்து, யாருடைய நிலத்தில் நின்று என்று அதனிடம் கேட்டாக வேண்டும்.

முதலில் சாதனங்கள். டிஃபிராங்கோ 1970இல் பஃபலோ நகரில் பிறந்தவர். 1990இல் தன் முதல் கேசட்டைத் தானே வெளியிட்டார். அவருடைய 'ரைட்டியஸ் பேப்' நிறுவனத்தின் தொடக்கம் அது. பஃபலோ எஃகால் வளர்ந்து எஃகால் சரிந்த ஊர். பக்கத்து லாக்கவானாவில் பெத்லஹேம் ஸ்டீல் 1983இல் எஃகு உருக்குவதை நிறுத்திக்கொண்டது. மூலதனம் கைகழுவிவிட்டுப் போன அந்த ஊரிலேயே கேசட் பெருக்கவும் அட்டை அச்சடிக்கவும் ஆள் தேடிக்கொண்டதும், பின்னாளில் இடிபட இருந்த பழைய தேவாலயம் ஒன்றை வாங்கி அரங்கமாக்கியதும் சும்மா ஊர்ப்பாசம் இல்லை. உற்பத்தி எங்கே நடக்க வேண்டும் என்பதில் அவருக்கிருந்த நிலைப்பாடு அது.

அவருடைய கிடார் வாசிப்பையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். செயற்கை நகங்களை மின்சார டேப்பால் விரலோடு சுற்றிக்கொண்டு, தந்தியை வருடாமல் அடிப்பார். மதுக்கூடத்து இரைச்சலுக்கு நடுவே, பக்கவாத்தியக்காரனுக்குக் கூலி கொடுக்க வழியில்லாத ஒருத்தி, ஒரே கருவியைக் கிடாராகவும் மத்தளமாகவும் ஆக்கிக்கொண்ட பாணி இது. பாணி மேதைமையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, வறுமையின் ஏற்பாடுகளிலிருந்தும் பிறக்கிறது. 1997இல் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழ் அவரைப் பாராட்டியபோது அவருடைய வருமானக் கணக்கை முன்னால் வைத்தது. அவர் அந்த இதழுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி இதை ஆட்சேபித்தார். மாற்று இதழ்கள்கூட மாற்றை லாபத்தால்தான் அளக்கின்றன என்றால், சந்தையின் சொல்லாடல் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது, யாரோடு. 1996இல் வந்த அவருடைய பதிவு ஒன்றில் பெரும்பாலும் அவர் குரலே இல்லை. அதில் பேசுகிறவர் யூட்டா பிலிப்ஸ். கொரியாவில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டுத் திரும்பி, அராஜகவாதியாகவும் சமாதானவாதியாகவும் மாறிய நாட்டார் பாடகர். 1905இல் சிகாகோவில் தோன்றிய, 'வாப்ளிகள்' என்று அழைக்கப்பட்ட தொழிற்சங்கத்தின் உறுப்பினர். மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் சொல்லும் கதைகள் பெயர்பெற்றவை. அந்தக் கதைகளை நாடாக்களிலிருந்து பொறுக்கியெடுத்து, அடியில் தாளம் சேர்த்து, இளைஞர்கள் கேட்கிற மாதிரி செய்து தந்தார் டிஃபிராங்கோ. மையத்தை விட்டுவிட்டு உச்சரிப்பாகக் கருதப்படுவதைப் பிடித்துக்கொண்ட வேலை என்று இதைச் சொல்லலாம்: பாட்டு விடப்பட்டது, இடைவெளிப் பேச்சு பிரதியானது. புகழின் உச்சியில் இருந்த 26 வயதுப் பெண் தன் மேடையை அறுபதைத் தாண்டிய ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கிறார். 1999இல் இருவரும் மறுபடி சேர்ந்த பதிவின் தலைப்பு, வாப்ளிகள் ஒருவரையொருவர் விளிக்கும் 'சக தொழிலாளர்களே' என்ற சொல். அவருடைய மொத்த வேலையில் ஆகச் சிறந்தது இந்தக் கூட்டுதான் என்பேன். கேட்கத் தெரிந்தவரே இதைச் செய்ய முடியும்.

அதே 1999இல் பிரின்ஸின் பதிவில் இவர் கிடார் வாசித்தார், இவருடைய பதிவில் பிரின்ஸ் பாடினார். வார்னர் கம்பெனியோடு சண்டை போட்ட காலத்தில் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறிய கறுப்புக் கலைஞர் பிரின்ஸ். மூல ஒலிப்பதிவுக்கு அந்தத் தொழிலில் 'மாஸ்டர்' என்று பெயர். அடிமைகளை வைத்திருந்த எஜமானனுக்கும் அதே பெயர்தான். இசைத்தொழிலில் சுயேச்சையைப் பற்றிய பேச்சு முழுக்க இந்த உருவகத்தின் மேல் நிற்கிறது: ஒப்பந்தம் அடிமைத்தனம், சொந்தக் கம்பெனி விடுதலை. பிரின்ஸ் எழுதிக்கொண்டபோது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வம்ச நினைவு இருந்தது. வெள்ளைப் பாடகர்கள் வாயில் அது வெறும் உருவகம்.

மூன்றாவது கேள்வியில்தான் இந்த உருவகம் உடைகிறது. 2013 டிசம்பரில், பாட்டெழுதும் முகாம் ஒன்றை லூசியானாவின் நாட்டவே மாளிகையில் நடத்தப்போவதாக டிஃபிராங்கோ அறிவித்தார். 1859இல் ஒரு கரும்புத் தோட்ட முதலாளி கட்டி முடித்த வீடு அது. அவனிடம் 150க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். பின்னாளில் அது கல்யாணங்கள் நடக்கும் சொகுசு விடுதியாகியிருந்தது. கறுப்பினப் பெண்கள் பலர் கொதித்தெழுந்து எழுதினார்கள். டிஃபிராங்கோ முகாமை ரத்து செய்தார். ஆனால் ரத்து செய்த அறிக்கையில், இடத்தைத் தேர்ந்தவர்கள் வேறு ஆட்கள் என்றும், வலி மிகுந்த இடத்தில் அந்த வலியைப் பற்றியே பேசலாம் என நினைத்ததாகவும் நீளமாக விளக்கினார். எதிர்த்தவர்களின் கோபத்தையும் குறைசொன்னார். விளக்கம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. 2014 ஜனவரித் தொடக்கத்தில் சுருக்கமான இரண்டாவது அறிக்கையில் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு தவறால் ஒரு வாழ்நாளைத் தள்ளுபடி செய்கிற நீதிபதி வேலை எனக்கு வேண்டாம். என்னைக் குடைவது வேறு. பிலிப்ஸோடு செய்த முதல் பதிவின் தலைப்பு, கடந்தகாலம் எங்கும் போய்விடவில்லை என்று பொருள்படுவது. 2012இல், கெண்டக்கிச் சுரங்கப் போராட்டத்தில் 1931இல் பிறந்த, 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்கும் பாட்டைப் புதுப்பித்துத் தன் பதிவுக்கே தலைப்பாக வைத்தார். இதையெல்லாம் செய்தவருக்கு அந்த மாளிகைத் தூண்கள் ஏன் உடனே உறுத்தவில்லை? என் பதில் இது: பிலிப்ஸ் தந்தது தொழிலாளர் பக்கத்துக் கடந்தகாலம். அதை அவர் தேடிப் போய் எடுத்துக்கொண்டார், அதில் தனக்கும் ஒரு இடம் இருந்தது. நாட்டவே தந்தது வெள்ளைத்தோல் மேல் வழக்குப் போடும் கடந்தகாலம். அது அழைக்காமல் வந்தது. மாஸ்டர் நாடா தன் கையில் இருக்கிறது என்ற நிம்மதி, மாஸ்டரின் வீட்டை வெறும் இடமாகப் பார்க்க வைத்துவிட்டது.

பிலிப்ஸைப் போலவே, கோபமாக எழுதிய அந்தப் பெண்களும் அவருடைய கூட்டாளிகள்தான். அவர்கள் குரலைக் கேட்கச் சில நாள் பிடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 2010இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட அனாயிஸ் மிட்செலின் 'ஹேட்ஸ்டவுன்' 2019இல் பிராட்வேக்குப் போய் எட்டு டோனி விருதுகள் வாங்கியது. 2024இல் டிஃபிராங்கோவே அதில் நடித்தார். சுயேச்சை ஜெயித்துவிட்டது என்று இதையும் ஒரு பட்டமாக ஒட்டுவார்கள். நாட்டவே மாளிகை 2025 மே மாதம் எரிந்துபோனது. வீடு போனாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கிறது. சொந்தப் பத்திரிகை, சொந்தப் பதிப்பகம் என்று நடத்துகிற நாமும் கம்பெனிக்கு விலைபோகவில்லை என்பதோடு திருப்திப்பட்டுவிட முடியாது. நம் காலடி நிலத்தைப் பற்றி யாராவது கத்தும்போது, விளக்க அறிக்கை எழுத உட்காருவதற்கு முன்னால் அவர்களைக் கேட்கிறோமா என்பதுதான் கேள்வி.