'லேக்' என்று ஒரு பெயர், மூன்று வியாதி

தமிழில் கேமிங் பேசும் வீடியோக்களில் 'லேக் ஃபிக்ஸ்' என்று தனியாக ஒரு வகையே உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தெரிந்த பசங்களின் லேப்டாப்பைத் திறந்து பார்த்துக் கொடுப்பது எனக்கு வழக்கம் என்பதால், இந்த வீடியோக்கள் சொன்னதையெல்லாம் செய்து முடித்த மெஷின்கள் நிறைய என் கைக்கு வருகின்றன. ரன் பாக்ஸில் டெம்ப், ப்ரீஃபெட்ச் அடித்து எல்லாவற்றையும் அழித்திருப்பார்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் ப்ராசஸர் எண்ணிக்கைக்கு டிக் போட்டிருப்பார்கள். வர்ச்சுவல் மெமரியைத் தாராளமாக ஏற்றியிருப்பார்கள். கேம் மட்டும் அப்படியே திக்கும்.

இந்த வைத்தியத்தில் முதல் கோளாறு, நோய்க்குப் பெயர் வைத்ததில் இருக்கிறது. நம்ம ஊரில் 'லேக்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயம் அடைபட்டுக் கிடக்கிறது. பிங் ஏறுவது ஒன்று. எஃப்பிஎஸ் எப்போதும் குறைவாகவே இருப்பது இன்னொன்று. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து நடுநடுவே அரை நொடி உறைவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

பிங் என்பது நெட்வொர்க் சமாச்சாரம். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு வால்வ் நிறுவனம் மும்பையிலும் சென்னையிலும் சர்வர் வைத்திருக்கிறது. பக்கத்தில் சர்வர் இருந்தும் பிங் எகிறினால், மூன்று சுவர் தாண்டி வரும் வைஃபையைச் சந்தேகப்படலாம், ரேமைச் சந்தேகப்படக் கூடாது. ஒரு லேன் கேபிள் போட்டுப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும்.

இனி அந்தப் பிரபலமான செட்டிங்குகளுக்கு வருவோம். எம்எஸ்கான்ஃபிக்கில் உள்ள 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' வேகத்தைக் கூட்ட வந்ததல்ல. கோளாறு கண்டுபிடிப்பதற்காக, வேண்டுமென்றே குறைவான கோர்களோடு விண்டோஸைத் தொடங்கப் பார்க்கும் வசதி அது. டிக் இல்லாமல் விட்டாலே விண்டோஸ் எல்லா கோர்களையும் எடுத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் 'மேக்ஸிமம் மெமரி'யும் அதே ரகம்தான்: எல்லை வைக்கும், கூட்டாது. ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் அடுத்த முறை புரோகிராம்கள் திறக்கக் கூடுதல் நேரம்தான் ஆகும். இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ரெஜிஸ்ட்ரியில் 'டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்' மாற்றுவது இன்னும் வேடிக்கை. கேமிடம் சொல்லும் கணக்குதான் மாறுகிறது, உள்ளே இருக்கும் மெமரி மாறுவதில்லை.

வர்ச்சுவல் மெமரியை மட்டும் முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். ரேம் கொஞ்சமாக இருந்த அந்தக் காலத்தில் பேஜ்ஃபைலைப் பெரிதாக்கினால், மெமரி போதாமல் மூடிக்கொள்ளும் கேம் மூடாமல் ஓடியது. உண்மையான பலன் அது. ஆனால் மூடாமல் ஓடுவது வேறு, வேகமாக ஓடுவது வேறு. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி நொடி. லட்சம் மடங்கு வித்தியாசம்! அந்த நடுநடு உறைதலுக்கு ஒரு முக்கியக் காரணமே இப்படி டிஸ்க்கை நம்பி ஓடுவதுதான். அன்று உயிர் காத்த மருந்தை இன்று வேகத்துக்கான டானிக் என்று விற்கிறார்கள்.

சரி, எதுதான் வேலை செய்யும்? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் முதலில் ரேம் ஸ்லாட்டைப் பாருங்கள். ப்ராசஸரோடு ஒட்டிய கிராஃபிக்ஸ் மெயின் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒற்றையாக இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி பாதை. இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று இருந்தால் 51.2 ஜிபி. ஒற்றை 8 ஜிபிக்குப் பதில் இரண்டு 4 ஜிபி போட்டாலே எஃப்பிஎஸ் ஏறுவது இதனால்தான். டெஸ்க்டாப் என்றால் பயாஸில் எக்ஸ்எம்பி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

இந்த வீடியோக்கள் சுத்தமாக மறந்துவிடுவது வெயிலை. ஆவடி, அம்பத்தூருக்குக் கடற்காற்று தாமதமாகத்தான் வரும். மே மாதம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், படுக்கையில் மெத்தைமேல் லேப்டாப். பல லேப்டாப் ப்ராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் நன்றாக ஓடி அப்புறம் இறங்கினால், காரணம் பெரும்பாலும் இதுதான். பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்'டை 99 சதவீதமாக்கினால் டர்போ நின்று சூடு குறையும். உச்ச வேகம் கொஞ்சம் போகும், ஆனால் ஏறி இறங்காமல் சீராக ஓடும். வேகத்தைக் குறைப்பதும் ஒரு வைத்தியம் என்று எந்தத் தம்ப்நெயிலும் சொல்லாது. அதைவிட முன்னால், ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டுங்கள்.

இந்த வீடியோக்கள்மேல் என் பெரிய குறை, தவறான செட்டிங் சொல்வது கூட இல்லை. என்ன வியாதி என்று பார்க்கச் சொல்லாமலே மருந்து கொடுப்பதுதான். அது பலிக்காதபோது பையன் எடுக்கும் முடிவு, 'மெஷினே வேஸ்ட், புதுசு வாங்கணும்'. எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவுக்கு அது இஎம்ஐ. பல நேரம் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு ரேம் குச்சியும் ஒரு பிரஷ்ஷும் மட்டும்.

கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மெமரி நிரம்பி டிஸ்க் 100 சதவீதம் என்றால் ரேம் குறைவு. ப்ராசஸர் வேகம் போகப்போக இறங்கினால் சூடு. கிராஃபிக்ஸ் மட்டும் முழுசாக ஓடினால் கேமின் ரெசல்யூஷனைக் குறையுங்கள். மூன்றும் சும்மா இருந்தும் ஆட்டம் இழுத்தால் நெட்டைப் பாருங்கள். இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால், கடைக்காரர் எதை விற்கப் பார்க்கிறார் என்பது உங்களுக்கே விளங்கும்.