சாயாவனத்துப் புளி

லாங் பஜாரில் புளி வாங்க வருவோர், மூட்டையிலிருந்து ஒரு சுளையைக் கிள்ளி வாயிலிட்டுப் பார்த்த பிறகே விலை பேசுவர். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' புதினத்தை (1969) மறுபடி படித்து முடித்த மறுநாள் அக்காட்சியைக் கண்டேன். அப்புதினத்தின் கடைசிப் பக்கத்துக் கிழவி நினைவில் எழுந்தாள்.

கடல்கடந்து வாழ்ந்த சிதம்பரம் தன் தாயின் ஊரைத் தேடி வருகிறான். உறவு கிடைக்கிறது, ஊர் அவனை ஏற்கிறது. கரும்பாலை அமைக்க வனத்தை விலைக்கு வாங்கி, வெட்டி, தீயிட்டு அழிக்கிறான். ஊருக்கே புளி தந்த மரங்களும் கருகுகின்றன. வெளியூரிலிருந்து அவன் தருவித்த புளி கிழவியின் நாவுக்கு ஒவ்வவில்லை. நல்ல புளி அனுப்புவதாகச் சொல்பவனிடம், எல்லாவற்றையும் எரித்துவிட்டு இனி எங்கிருந்து அனுப்புவாய் என்று அவள் கேட்கிறாள்.

இதனைச் சுற்றுச்சூழல் புதினம் என்பர். தவறில்லை. எனினும் இது மூதாதையர் மண்ணைத் தேடி வந்தவனின் கதை என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. வேரைத் தேடி வருபவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நம்பிவிடுகிறோம். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட், தம் முன்னோர் 17ஆம் நூற்றாண்டில் விட்டகன்ற ஈஸ்ட் கோக்கர் என்னும் சிற்றூரை 1937இல் சென்று கண்டார். அவருடைய சாம்பல் அவ்வூர்க் கோவிலில் வைக்கப்பட்டுள்ளது. அவர் அந்த மண்ணிடம் கேட்டது அவ்வளவே. சிதம்பரமோ பத்திரத்தோடு வருகிறான். நாபோத்து தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்து உயிரிழந்தான் (1 அரசர் 21). இங்கே மூதாதையர் மண்ணைத் தேடி வந்தவனே ஆகாபாகவும் ஆகிறான்.

காடு வெட்டும் பக்கங்கள் நீளம் என்று இளமையில் சலித்துக்கொண்டேன். இப்போது அந்த நீளம் தேவை என்றே கருதுகிறேன். ஒவ்வொரு புதரும் எவ்வளவு பாடுபட்டு அழிக்கப்படுகிறது என்பதை வாசகனும் உடனிருந்து உணர வேண்டும். ஆசிரியர் சிதம்பரத்தை எங்கும் ஏசவில்லை. அவன் உழைப்பாளி, பண்புள்ளவன். அதுவே அச்சமூட்டுகிறது. பெண்களின் குரல் கதையில் குறைவு என்பது மட்டும் என் குறை.

வேலூர்ப் பக்கத்தவர் இந்நூலைத் தொலைவிலிருந்து படிக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதென்ற ஆய்வை, உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்தது. இழப்பீடு குறித்து 2025 சனவரியிலும் அது ஆணையிட நேர்ந்தது. அதே தோல்தான் என் பங்கு மக்களுள் பலருக்குச் சோறும் போட்டது. ஆதலால் இதில் தீர்ப்பிட எனக்குத் தயக்கம் உண்டு.

சென்ற ஆண்டு, வெளிநாட்டில் வாழும் ஒருவர் ஞானஸ்நானப் பதிவேட்டில் தம் பாட்டனார் பெயரைக் கண்டெடுத்து, பாலாற்றங்கரையில் அவருடைய நிலத்தைத் தேடி என்னையும் அழைத்துச் சென்றார். வரப்புகள் அழிந்திருந்தன, கிணறு இருந்தது. நீரைக் கையில் அள்ளி நாவில் வைத்தவர், உடனே உமிழ்ந்தார். திரும்பும் வழியில் சாயாவனத்தைப் பற்றிச் சொன்னேன். என் பிரதியை இரவல் வாங்கிப் போனார். இன்னும் திரும்பவில்லை.