சீ.ஆர்., ஆர்.சி.

கோயம்புத்தூரில் செட்டிபாளையம் போகிற வழியில் ஒரு கராஜ். 2024 தை மாதம் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். என் காரை விற்கலாமென்று இருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். 1998 மொடல் ஹோண்டா சிவிக், எஞ்சின் மாற்றியது, ஓட்டப் பாதைக்கும் தெருவுக்கும் ஏற்றபடி செய்தது. எதிர்பார்க்கும் விலையையும் சொன்னேன். கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கூர்ல புது வண்டியே வர்றதில்லீங்களே, அதான் பழசுக்கு இந்த வெல. இங்க இதக் கொண்டாந்தா, ஸ்டாக் பண்ணாம ஒருத்தனும் தொட மாட்டானுங்ணா."

அவர் கெட்ட மனிதர் அல்ல. தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். ஆனாலும் அந்த வார்த்தை கொழும்பு வந்து சேரும்வரை என்னோடு வந்தது. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான். அவரிடம் நேரே சொல்ல அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை.

முதலில் அந்த "வண்டி" என்ற சொல். தமிழ்நாட்டில் ஓடுகிற எல்லாமே வண்டி. மோட்டார் சைக்கிளும் வண்டி, லாரியும் வண்டி, ஒரு கோடி ரூபாய்க் காரும் வண்டி. யாழ்ப்பாணத்தில் வண்டி என்றால் மாடு பூட்டியது, இல்லாவிட்டால் வயிறு. எங்களுக்கு அது கார், அல்லது வாகனம். அவர்கள் கார் ஓட்டுகிறார்கள். நாங்கள் கார் ஓடுகிறோம். "உனக்குக் கார் ஓடத் தெரியுமோ?" என்றுதான் அப்பா கேட்டார். ஓட்டுவது என்றால் முன்னால் போகிற ஒன்றைப் பின்னாலிருந்து விரட்டுவது. ஓடுவது என்றால் நாமும் சேர்ந்து ஓடுவது. இலக்கணக்காரர் இதை ஒப்புக்கொள்வார்களோ தெரியாது, எனக்கு அப்படித்தான் கேட்கிறது. அங்கே செகண்ட்ஸ், இங்கே பாவித்தது. அங்கே ஆயில், இங்கே ஒயில். அங்கே வாங்க வருகிறவர் பார்ட்டி, இங்கே அவர் ஆள்: "ஒரு ஆள் வந்து பார்த்திட்டுப் போனவர்." அங்கே பதிவுச் சான்றிதழ் ஆர்.சி., இங்கே சீ.ஆர். இரண்டு எழுத்துத்தான், இடம் மாறி நிற்கின்றன.

எங்கள் சீ.ஆருக்கு இன்னொரு பொருளும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தடித்த மட்டை போட்ட கொப்பியையும் நாங்கள் சீ.ஆர். கொப்பி என்றுதான் சொல்வோம். என் காருக்கு இரண்டு சீ.ஆர். இருந்தன. ஒன்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தந்தது. மற்றது நானே 13 வருடம் எழுதியது.

காரை 2011இல் வாங்கினேன். ஈ.கே. 3 என்று இங்கே சின்னப் பிள்ளைகளும் சொல்லும் மொடல், 1,500 சி.சி., 130 குதிரைவலு. ஐந்து வருடம் அப்படியே ஓடினேன். பிறகு கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஹாஃப் கட் கண்ணில் பட்டது. ஹாஃப் கட் என்றால் காரின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கொண்டுவருவது: எஞ்சின், கியர் பெட்டி, வயரிங் எல்லாம் ஒன்றாக இருக்கும். அதிலிருந்தது பி 16 ஏ எஞ்சின், 1,600 சி.சி., 170 குதிரைவலு. 5,500 சுற்றுத் தாண்டியதும் அதன் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. எஞ்சினை ஏற்றியபின் நான் செய்த முதல் வேலை காரை ஓடிப் பார்ப்பதல்ல. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வெரஹெர அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, புது எஞ்சின் இலக்கத்தைச் சீ.ஆரில் பதிவிப்பதுதான். இங்கே வாங்க வருகிற ஆள் பொனட்டைத் திறந்ததும் குனிந்து பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான். அது பொருந்தாவிட்டால் மிச்சத்தைப் பார்க்கவே மாட்டார்.

மற்றச் சீ.ஆரில் எல்லாம் இருந்தது. எந்தத் திகதி, எத்தனை கிலோமீற்றரில், என்ன ஒயில். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது. கட்டுக்குருந்தை ஓடுபாதையில் ஓடின நாட்கள், அன்று ரயரில் வைத்த காற்று, ஓடி முடிந்ததும் பிறேக் பாட் எவ்வளவு தேய்ந்திருந்தது. ஒருமுறை மூன்றாம் கியருக்குப் பதிலாகத் தவறுதலாக முதலாம் கியருக்குப் போய் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றியது. அதையும் எழுதியிருந்தேன், அடுத்த நாள் வால்வு இடைவெளி பார்த்ததையும் எழுதியிருந்தேன். வாங்குகிற ஆளுக்கு அதை மறைத்து விற்பது திருட்டு என்பது என் எண்ணம்.

கோவைக்காரர் "ஸ்டாக் பண்ணாம", அதாவது தயாரித்தபடி திருப்பாமல், என்றாரே, அதன் நியாயத்தையும் சொல்லவேண்டும். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. 15 வருடம் கடந்த சொந்தக் காரை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். ஆர்.சி.யைக் கைமாற்ற 29ஆம், 30ஆம் படிவங்கள். வேறு மாநிலத்தவர் வாங்கினால் தடையில்லாச் சான்று, புது மாநிலத்தில் மறுபடியும் சாலை வரி. கோவையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கேரளா வந்துவிடும். ஆனால் ஒரு காரை அங்கே விற்பது எங்களுக்குப் பருத்தித்துறையிலிருந்து மாத்தறைக்கு விற்பதைவிடச் சிரமம். இவ்வளவையும் சமாளிக்கிற மனிதன், மாற்றிய காரை மாற்றியபடியே விற்க ஏன் துணிவான்?

அந்தக் கராஜில் அன்றைக்கு 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்று தூக்கி வைக்கப்பட்டிருந்தது. 1.5 வீடெக், பிறந்தபோது 106 குதிரைவலு. இந்தியாவில் கார்ப் பிரியர்கள் கொண்டாடும் வாகனம், அந்த நாட்டு வீதிகளில் அது ஒரு காலத்தின் பெயர். விற்பதற்காக அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உயரம் மாற்றக்கூடிய சொக் அப்சோபர் ஒருவருக்கு, புகைபோக்கி இன்னொருவருக்கு, பக்கற் சீற் மூன்றாமவருக்கு என்று முன்பே பேசி முடித்தாயிற்று. மூலையில் பழைய சீற்றுகள் தூசி தட்டிக் காத்திருந்தன. துண்டு துண்டாக விற்றால்தான் காசு தேறும் என்றார் கராஜ்காரர். காரின் சொந்தக்காரப் பொடியன் பக்கத்தில் நின்றான். பதினொரு வருடம் அவன் கூட்டிச் சேர்த்தது ஒரு பிற்பகலில் பிரிந்துபோகிறது. அவன் முகத்தை நான் மறக்கவில்லை. எங்கள் ஊரிலும் பிரித்து விற்கிறவர்கள் உண்டு, பஞ்சிகாவத்தையே அதில்தான் வாழ்கிறது. ஆனால் இங்கே முழுக் காரையும் அதன் கதையோடு கேட்டு வருகிற ஆள் இருக்கிறான். அதைத்தான் அன்றைக்கு நான் சொல்ல நினைத்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஓட்டப் பாதை என்று பார்த்தால் அவர்கள் எங்களைவிட வசதியானவர்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கிற பாதை. டெல்லிக்குப் பக்கத்தில் போமியூலா வன் நடந்த பாதை. 2005இல் போமியூலா வன் ஓடிய நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். நாங்கள் கட்டுக்குருந்தையில் விமான ஓடுபாதையில் ஓடுகிறோம், தியத்தலாவையிலும் சாலியபுரத்திலும் இராணுவத்தின் மண் பாதையில் ஓடுகிறோம். ஆனால் நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. சித்திரைக் குளிரில், தேயிலைக்கு நடுவே, ஒற்றைக் கார் தனியாக மலையேறுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் நாங்கள். எனக்கு அது போதும்.

விலைக்கு வருவோம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 மாசியில். இடையில் 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை போனது. அந்த வருடம் கியூ.ஆர். அட்டை காட்டி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று வாங்கினோம். நான் 17 இலட்சத்துக்கு வாங்கிய காரின் விலை ஏறியது பெரும்பாலும் புதுக் கார் வராததாலும் ரூபாய் விழுந்ததாலும்தான். கோவைக்காரர் சொன்னதில் அந்தப் பாதி உண்மை. மறுபாதி அவருக்குத் தெரியாது. அந்த 20 லீற்றரிலும் ஒரு லீற்றரை நான் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கினேன். ஞாயிறுதோறும் முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறும் வரை பக்கத்தில் நிற்பேன். காரை அப்படியே விட்டால் சீல்கள் காய்ந்துபோகும். என் மனைவி அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிக் காரைப் பேண நான் எங்கே பழகினேன் என்றால், கொழும்பில் அல்ல. அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 வைத்து ஹயருக்கு ஓடியவர். தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் வராத காலம். சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலில் எஞ்சினைத் தட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். மண்ணெண்ணெய் பிளக்கைக் கறுப்பாக்கும், ஒயிலை நீர்க்கச் செய்யும். அப்பா ஒவ்வொரு இரவும் நான்கு பிளக்கையும் கழற்றித் துடைப்பார். நான் அரிக்கன் லாம்பு பிடிப்பேன். பழைய ஒயிலைத் தெளியவைத்து, துணியில் வடித்து வைப்பார். பிள்ளை பெறப் போகிறவர்களையும் காயப்பட்டவர்களையும் அந்தக் கார் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. தெல்லிப்பழையிலும் உரும்பிராயிலும் அப்படி எத்தனை ஏ-40கள் ஓடின! அதை வெறும் தட்டுப்பாடு என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இல்லாததால்தான் பேணினோம் என்பது சரி. பேணத் தெரிந்ததால்தான் ஆட்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் சரி.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கவில்லை. "ஓப்பன் பேப்பர்" என்று ஒன்று இங்கே இருக்கிறது. கையொப்பம் வைத்த மாற்றுப் படிவத்தோடு காரைக் கொடுத்துவிடுவது. பெயர் மாற்றாமலே அது நாலு பேர் கைமாறும். கடைசியில் எங்கோ விபத்து நடந்தால் பொலிஸ் வருவது முதல் ஆளிடம். லீசிங் முடிந்தும் சீ.ஆரில் லீசிங் கொம்பனி முழு உரிமையாளராகவே நிற்பதையும் பார்த்திருக்கிறேன். நான் அப்படி விற்கவில்லை.

காரை 2024 ஆனியில் விற்றேன். விளம்பரத்தில் மாற்றியவை எல்லாவற்றையும், பழுதான மூன்றையும் போட்டேன். முதல் வந்தவர்கள் பாஸ் என்று சொல்லும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து விலையைக் குறைக்கப் பார்த்தார்கள். ஒருவர் "றேஸ் ஓடின காரோ" என்று கேட்டுவிட்டு ஏறாமலே போனார். நான்காவதாகக் குருநாகலிலிருந்து ஒரு சிங்களப் பொடியன் தாயோடு வந்தான். மககஸ்தோட்டையில் இந்தக் காரைப் பார்த்திருக்கிறானாம், இலக்கத் தகடு நினைவிருந்தது. ஓடிப் பார்க்கவேண்டாம், நீங்கள் ஓடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றான். திரும்பி வந்ததும் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தட்டினான். தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்களை வாசித்தான்.

"அங்கிள், இது என்ன?" முதலாம் கியர் சம்பவம் எழுதியிருந்த பக்கம். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

சொன்னேன். தாய் என்னைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்துத் தலையசைத்தார். 49 இலட்சம் பேசி முடித்தோம். பழைய சீற், ஸ்பிறிங், புகைபோக்கி எல்லாம் நான் பெட்டியில் வைத்திருந்தேன். அவற்றையும் காரோடு ஏற்றிவிட்டேன். இருவரும் வெரஹெரவுக்கு ஒன்றாகப் போய்ப் பெயர் மாற்றினோம். சுபநேரம் பார்த்து, காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, வெற்றிலையில் வைத்து அந்த அம்மா காசைத் தந்தார். நான் திறப்பையும் இரண்டு சீ.ஆரையும் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பொடியன் ஒரு படம் அனுப்பினான். கொப்பியின் கடைசிப் பக்கம். என் தமிழ் எழுத்துக்குக் கீழே, அதே நீல மையில், சிங்களத்தில் ஒரு வரி: திகதி, ஒயில், பில்ட்டர், 1,86,420 கி.மீ.