மழைக்கால மிளகு ரசம்

மலேசியாவின் ஜொகூர் மாநில அரசுச் சின்னத்தில் மிளகுக்கும் கம்பீர் செடிக்கும் இடமுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சீன விவசாயிகள் காடு திருத்தி வளர்த்த பயிர்கள் அவை. இன்று மலேசிய மிளகில் பெரும்பகுதி சரவாக்கிலிருந்து வருகிறது. ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால் ஜொகூரின் குளுவாங், சிகாமட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மிளகு ரசம்தான்.

மிளகு, சீரகம், பூண்டை உரலில் ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். மாவாக அரைத்தால் ரசம் கலங்கிவிடும். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே அவற்றைச் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அந்த நேரக் கணக்கு கைப்பழக்கத்தில் வருவது, அதுதான் அழகு.

காய்ச்சலுக்கும் இந்த ரசம் கொடுப்பதுண்டு. ஆனால் ரசம் கிருமியைக் கொல்லாது. சோறு இறங்காத உடம்புக்கு நீரும் உப்பும் சூடும் தரும், அதுவே பெரிய உதவி. டெங்கி பரவும் ஊர் இது. காய்ச்சல் இரண்டு நாளில் தணியாவிட்டால் கிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.