கூட்டப்பட்ட ஆளின் வாசிப்பு

ரொறன்ரோவில் நான் சேர்ந்த மென்பொருள் கம்பனியில் அப்போது எட்டுப் பேர் இருந்தார்கள். வேலை ஏற்கெனவே பிந்தியிருந்தது. என்னை ஒன்பதாவது ஆளாக எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நாற்பது பேராகிவிட்டோம். அந்தக் காலத்தில்தான் பிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட 'த மிதிக்கல் மேன் மந்த்' நூலை வாசித்தேன்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 இயங்குதளப் பணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் அங்கு கற்ற பாடம். கணக்கு எளியது. எட்டுப் பேர் தமக்குள் இருவர் இருவராகப் பேச 28 வழிகள். நாற்பது பேருக்கு 780. எங்களிடமும் கூட்டங்கள் பெருகின, வேலை குறைந்தது.

ஆனால் புதியவர் இந்நூலில் பெரும்பாலும் செலவாகவே வருகிறார். அவர் கண்ணுக்கு அந்த அறை எப்படித் தெரியும் என்று புரூக்ஸ் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்தது இது: என் ஆங்கில உச்சரிப்புக்குக் கூச்சப்பட்டு ஒரு கேள்வியை மூன்று நாட்கள் விழுங்கினேன். கடைசியில் கேட்டேன், ஒரே வரியை ஏன் இரண்டு தடவை கணக்கிடுகிறோம் என்று. அது பழையவர்கள் கண்ணில் படாத பிழை.

முடிவுகளை எழுதிவையுங்கள் என்கிறார் புரூக்ஸ். சரிதான். நான் இப்போது புதியவர்களின் முதல் வாரக் கேள்விகளையும் எழுதிவைக்கிறேன். நம்மில் பலர் இந்த நாடுகளுக்குள் நுழைந்தது கூட்டப்பட்ட ஆட்களாகத்தான். அந்த நினைவோடு இந்நூலை வாசிக்கலாம்.